அம்மா நிறுத்தச் சொல்கிற இடத்தில் வண்டி நிற்கட்டும்

கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 64 வயது. அரூர் பக்கம் பிறந்தவர், கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது. முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. காரில் மூன்று நாள், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அவசரமில்லாமல் அழைத்துப் போக ஆசைப்படுகிறீர்கள். எங்கெல்லாம் போகலாம், எப்படித் திட்டம் போடலாம் என்பது உங்கள் கேள்வி.

நான் பாலக்கோட்டுக்காரன், வேலை ஓசூரில். என் அம்மா பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். நான்கு வருடமாகத் தை மாதத்தில் மூன்று நாள் ஒதுக்கி, இந்த இரண்டு மாவட்டத்துக்குள்ளேயே அவரோடு சுற்றி வருகிறேன். முதல் வருடம் ஒரு நாளைக்கு ஏழு இடம் என்று எழுதி வைத்துக்கொண்டு கிளம்பினேன். மத்தியானத்துக்குள்ளேயே அம்மா, "நான் வண்டியிலயே இருக்கறேன், நீ போய்ப் பாத்துட்டு வா கண்ணு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் திட்டம் தப்பு என்று புரிந்துகொள்ளுங்கள். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான். மூன்றாவது இடம் எது என்பதை வழியில் அம்மா முடிவு செய்வார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் பயணங்களிலேயே நல்ல அரைமணி நேரம் எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் இடத்தில்தான் கிடைத்தது. இரண்டாவது வருடம் அரூரிலிருந்து தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். "இங்க நிறுத்து" என்றார் அம்மா. எதற்கு என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. இறங்கிப் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பு அவரும் அவருடைய அக்காவும் கிலோ கணக்கில் கூலிக்குப் புளி உடைத்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கையை நான் பார்த்ததில்லை. ஓட்டைத் தட்டி உதிர்த்து, நாரை ஒரே இழுப்பில் உருவி, பழத்தைக் கீறிக் கொட்டையைத் தள்ளும் அந்த வேகம் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே, "எந்த ஊரு அக்கா நீங்க?" என்று கேட்டார்கள். கிளம்பும்போது ஒரு காகிதத்தில் புளி மடித்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. அன்றைக்கு நான் பார்க்க நினைத்திருந்த கோயிலின் நடை சாத்திவிட்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற மாதிரி வையுங்கள். ஏன் அந்த நாள்கள் என்பது போகப் போகத் தெரியும். மாதம் தை அல்லது மாசி நல்லது. வெயில் ஏறியிருக்காது. கிருஷ்ணகிரித் தோப்புகளில் மா பூத்திருக்கும், கண்ணாடியை இறக்கிவிட்டால் அந்த வாசனை வண்டிக்குள் வரும். புளி உலுக்குகிற காலமும் அதுதான். மொச்சைக்காயும் சந்தைக்கு வந்திருக்கும். ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கித் தோல் எடுத்து வைக்கிற பிதுக்குப் பருப்புக் குழம்பும் ராகிக் களியும் இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் மறக்காது. சென்னையில் உங்கள் அம்மா கடைசியாக எப்போது அதைச் சாப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள். மாம்பழமே சாப்பிட வேண்டும் என்றால் மே கடைசியிலிருந்து ஜூலை வரை வரலாம். அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியும் நடக்கும். ஆனால் அந்த வெயிலில் முழங்கால் வலியோடு மூன்று நாள் சுற்றுவது கஷ்டம்.

சென்னையிலிருந்து கிளம்பினால் வழக்கமாக எல்லோரும் வேலூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வரும் நெடுஞ்சாலையைத்தான் பிடிப்பார்கள். போகும்போது அது வேண்டாம், திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம், திருவண்ணாமலை, செங்கம் வழியாக ஊத்தங்கரைப் பக்கம் வாருங்கள். அம்மா கல்யாணமாகிப் போனபோது பேருந்தில் போன பாதை அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, திருவண்ணாமலையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டால் பத்து, பத்தரைக்கு அனுமன்தீர்த்தம் வந்துவிடலாம்.

அனுமன்தீர்த்தம் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. தீர்த்தமலையில் சிவபூஜை செய்ய நினைத்த இராமன், கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினானாம். அனுமன் வரத் தாமதமானதால் மலையில் அம்பு விட்டு நீர் வரவழைத்துப் பூஜையை முடித்துவிட்டான். வந்து சேர்ந்த அனுமன் கோபத்தில் கையிலிருந்த நீரை வீச, அது விழுந்த இடம்தான் இது என்பது தலபுராணக் கதை. இங்கே குளித்துவிட்டுத் தீர்த்தமலை ஏறுவது வழக்கம். அரூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு ஆடிப்பெருக்கு என்றால் இந்த ஆறுதான். அதனால் கதையை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அம்மாவே சொல்லுவார். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாமல் கேளுங்கள்.

தீர்த்தமலை அங்கிருந்து பக்கம்தான், ஆனால் முதல் நாள் மலை ஏற வேண்டாம். அருணகிரிநாதர் பாடிய தலம், மேலே பாறையிலிருந்து இராம தீர்த்தம் விழுந்துகொண்டே இருக்கும், எல்லாம் சரி. ஆனாலும் படி நிறைய. முழங்கால் வலிக்காரர் உச்சி வெயிலில் ஏறக்கூடாது. அடிவாரத்திலும் கோயில் உண்டு, அதுவே போதும். என் அம்மாவுக்கும் ஏற முடியாது. ஒரு தடவை காலையில் ஆறு மணிக்கே போய், அவரை அடிவாரத்தில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ஏறி, ஒரு பாட்டிலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அதற்குள் அவர் பூக்கடைக்கார அம்மாவின் மூன்று மகள்களும் எங்கெங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள் என்பதுவரை விசாரித்து முடித்திருந்தார். தீர்த்தத்தை இரண்டு கையாலும் வாங்கி, பூக்கடை அம்மாவுக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

மத்தியானம் பிறந்த ஊர். இதை ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள், நான்கு மணி வரை ஒதுக்குங்கள். முன்கூட்டியே ஒரு வீட்டுக்காவது போன் செய்து சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் சாப்பாடு என்றால் மற்ற வீடுகளில் காபியோடு தப்பிக்கலாம். பழமும் பிஸ்கட்டும் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள், நினைத்ததைவிட இரண்டு வீடு அதிகமாகும். பிறந்த வீடு கைமாறி இருக்கலாம், இடித்துக் கட்டியிருக்கலாம், கிணறு மூடியிருக்கலாம். அங்கே நின்று அம்மா பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். இன்னொன்று: அங்கே உங்கள் அம்மா வேறு ஆளாக இருப்பார். எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வயதான ஆயா யாராவது "வா சாமி" என்று கன்னத்தைத் தடவுவார். வீட்டில் எல்லோருக்கும் பெரியவராக இருப்பவர், அங்கே ஒரு பொண்ணாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

தங்குவதற்குத் தருமபுரி நகரம். இரண்டு இரவும் ஒரே அறையில் தங்குங்கள். தினமும் பெட்டி கட்டுவது வயதானவர்களுக்குப் பெரிய அலுப்பு. அறை எடுக்கும்போது மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா, மின்தூக்கி உண்டா, காலையில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு விடுதியில் தரைத்தளம் தருவதாகப் போனில் சொல்லிவிட்டு, போனதும் மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடியைக் கொடுத்தார்கள். இரவு ஒன்பது மணி, வேறு இடம் தேட அம்மா விடவில்லை. மறுநாள் முழுக்க அவருக்குக் கால் வீங்கியிருந்தது. அதிலிருந்து, அன்றைக்குக் காலையில் ஒரு தடவை போன் செய்து உறுதிப்படுத்தாமல் நான் போவதில்லை. வாடகை எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். தெரிந்தால் மூன்று நாளும் அந்தக் கணக்கே அவர் மனதில் ஓடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் கோட்டைக் கோயில். காமாட்சியம்மனும் மல்லிகார்ச்சுனேசுவரரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். அம்மன் சன்னதிக்கு வெள்ளிக்கிழமைதான் பொருத்தம். இந்தப் பக்கத்தை முன்பு ஆண்ட நுளம்ப மன்னர்கள் காலக் கலை இது. அம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போனால்தான் அவை தெரியும். குனிந்து பார்க்க வேண்டிய உயரம் என்பதால் மடக்கு முக்காலி ஒன்று வண்டியில் இருக்கட்டும். என் அம்மா முக்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மண்டபத்தில் தொங்கும் தூண் ஒன்று உண்டு. தரையைத் தொடாமல் நிற்கும் அந்தத் தூணின் அடியில் தாளை நுழைத்துப் பார்ப்பார்கள். நேரம் மிச்சம் இருந்தால் சேலம் சாலையில் அதியமான்கோட்டை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களும் காலபைரவர் கோயிலும் இருக்கின்றன. தேய்பிறை அஷ்டமி அன்று மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், பூசணி விளக்கு ஏற்றக் கூட்டம் நெரியும்.

சனிக்கிழமை ஒகேனக்கல். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். ஆறரைக்குக் கிளம்பி, பென்னாகரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, எட்டு எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். பத்து மணிக்கு மேல் வெளியூர் வண்டிகள் வந்து குவிந்துவிடும். கிளம்புவதற்கு முன்பு செய்தியைப் பாருங்கள். கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் அதிகமாக வந்தால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். தை, மாசியில் பெரும்பாலும் நீர் குறைவாகவே ஓடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் வசதி.

பரிசலில் உட்காருவதும் எழுவதும்தான் சிரமம், ஓடும்போது ஒன்றும் தெரியாது. உட்கார இடம் தாழ்வாக இருக்கும். பரிசல்காரரிடம் முதலிலேயே கால் வலியைச் சொல்லிவிட்டால் கரையை ஒட்டி நிறுத்திக் கை கொடுப்பார். சீட்டைக் கவுண்டரில் வாங்குங்கள், மிதவைச் சட்டையைக் கட்டாயம் போடச் செய்யுங்கள். பயமாக இருக்கிறது என்றால் வற்புறுத்த வேண்டாம். தொங்குபாலத்தில் நின்றாலே அருவி நன்றாகத் தெரியும். மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் மசாலா அரைத்துக் குழம்பும் வறுவலும் செய்து தருகிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். காலையில் வந்ததுமே சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது தயாராக இருக்கும்.

ஒகேனக்கல்லைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்றிலும் போர்த் தண்ணீரிலும் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படிந்திருக்கும், தேய்த்தால் போகாது. என் அம்மாவுக்கும் உண்டு. எந்தப் படத்திலும் அவர் வாய் திறந்து சிரித்ததில்லை. யாராவது சிரிக்க வைத்தால் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்வார். காவிரித் தண்ணீரைக் குழாயில் இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அம்மாவின் தலைமுறைக்கு அது எட்டவில்லை. முதல் தடவை பரிசலில் போனபோது அருவிச் சாரல் முகத்தில் அடிக்க, இரண்டு கையாலும் பரிசல் விளிம்பைப் பிடித்திருந்தார். முந்தானையை எடுக்கக் கை இல்லை. வாய்விட்டுச் சிரித்தார். நான் அதைப் படம் எடுத்தேன். இன்றைக்கு அது எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, மாட்டச் சொன்னவர் அம்மாதான்.

பென்னாகரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையில் காடு. இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். வழியில் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க நிறுத்தாதீர்கள். திரும்பும்போது பாப்பாரப்பட்டி வழியாக வரலாம். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று உயிர்விட்ட ஊர் அது, நினைவிடம் இருக்கிறது. சிறையில் தொழுநோயை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவும் தடை போடப்பட்டதால் ஊர் ஊராக நடந்தே போன மனிதர். பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கச் சொன்னது போச்சம்பள்ளிச் சந்தைக்காக. இந்த வட்டாரத்திலேயே பெரிய வாரச்சந்தைகளில் ஒன்று. ஆடு, கோழி, தானியம், விதை, கருவாடு, கயிறு, கூடை, அரிவாள் எல்லாம் கிடைக்கும். காலை ஏழரைக்கே போய்விடுங்கள். அங்கே ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: ஆயிரமோ இரண்டாயிரமோ அம்மா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடங்கள். விலை பேச வேண்டாம், "எதுக்கும்மா இது, சென்னையிலயே கிடைக்குமே" என்று சொல்லவும் வேண்டாம். என் அம்மா போன வருடம் ஓர் அரிவாள்மணையைக் கால் மணி நேரம் பேரம் பேசி வாங்கினார். தட்டிப் பார்த்தார், விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார், பக்கத்துக் கடைக்குப் போகிற மாதிரி போய்விட்டுத் திரும்பி வந்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 வருடப் பழமையானது என்று 2022இல் அறிவித்தார்கள். அம்மா அந்த மணையைத் தூக்கிப் பார்த்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது.

சந்தையிலிருந்து காவேரிப்பட்டணம். அங்கே நிப்பட்டு வாங்குங்கள், தட்டை மாதிரி இருக்கும், ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பண்டம். பிறகு கே.ஆர்.பி. அணை என்கிற கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணையின் குறுக்கே கட்டி, 1957இல் காமராசர் திறந்துவைத்தது. மரநிழல் இருக்கிறது, மீன் வறுவல் கடைகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுங்கள். ஞாயிறு இரவு சென்னைக்குள் நுழைகிற நெரிசலை ஓரளவு தவிர்க்கலாம். கிருஷ்ணகிரிக் கோட்டை, இராயக்கோட்டை மலைக்கோட்டை எல்லாம் ஏறுகிற இடங்கள், அவற்றை விட்டுவிடுங்கள். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு, தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் ஓசூர்ப் பக்கம். அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

இனி, யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம். பயணம் என்றால் அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வழியில் கழிப்பறை தேட வேண்டி வருமே, பிள்ளைக்குத் தொந்தரவாகுமே என்கிற கூச்சம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது நல்லதில்லை. "போகணுமாம்மா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அதனால் கேட்காதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமாக இருக்கும் உணவகமாகப் பார்த்து நீங்களே நிறுத்தி, "நான் போய்ட்டு வர்றேன், நீங்களும் வாங்க" என்று இறங்குங்கள். உள்சாலைகளில் நல்ல கழிப்பறை குறைவு. ஊத்தங்கரை, அரூர், பென்னாகரம் மாதிரி ஊர்களை விட்டு வெளியே போவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. அந்த நிறுத்தத்தில் நாலு எட்டு நடந்தால் முழங்காலும் இறுகாது.

மாத்திரைப் பை டிக்கியில் போகக்கூடாது, அம்மா மடியில் இருக்கட்டும். சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகக்கூடாது. வழியில் நேரமானால் கொடுக்கக் கையில் வேர்க்கடலை இருக்கட்டும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட மிட்டாய் நாலு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். களி உடம்புக்கு நல்லது என்று உறவுக்காரர்கள் இரண்டாவது உருண்டையும் வைக்கப் பார்ப்பார்கள். ராகியும் மாவுச்சத்துதான். ஓர் உருண்டை, நிறையக் கீரைக் கடைசல், அவ்வளவு போதும்.

முன் சீட்டில் அம்மா உட்காரட்டும். பழக்கத்தில் பின்னால் போய் ஏறுவார், கூப்பிட்டு முன்னால் உட்காரவையுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் சீட்டின் முதுகுதான் தெரியும். "இங்க நிறுத்து" என்று சொல்ல வேண்டுமானால் அவருக்குச் சாலை தெரிய வேண்டும். பாட்டும் அவர் கேட்பதாகவே இருக்கட்டும்.

கிளம்பும்போது டிக்கியில் பாதி இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அரூரில் ஒரு மூட்டை ராகியும் ஒரு பை கொட்டைப்புளியும் ஏற்றாமல் உங்களை அனுப்பமாட்டார்கள்.